பெடல் சொல்லும் சேதி: சிறிய பயிற்சி விமானங்களில் பிரேக் கோளாறுகள்

சிறிய பயிற்சி விமானத்தின் பிரேக் ஒரே நொடியில் செத்துப்போவது அபூர்வம். பல நாள் முனகிக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் மொத்தமாகக் காலை வாரும். செஸ்னா 172-இன் விமானி கையேடு அந்த முனகலை நான்கு வகையாகப் பிரித்துச் சொல்கிறது: அழுத்திக்கொண்டிருக்கும்போதே பிடிப்பு மெல்லக் குறைவது, சத்தம் போடுவது அல்லது காலை எடுத்த பிறகும் உரசிக்கொண்டே இருப்பது, பெடல் பஞ்சு மாதிரி மெத்தென்று ஆவது, பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போயும் பிடிப்பு மந்தமாக இருப்பது.

நான்குக்கும் காரணமான பாகம் வேறு வேறு. அந்தந்த நேரத்தில் விமானி செய்ய வேண்டியதும் வேறு. "பிரேக் கொஞ்சம் சரியில்லை" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு ஒருவர் இறங்கிப்போனால், எது சரியில்லை என்பதை அடுத்து ஏறுகிற மாணவர் ஓடுபாதையில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே

காரில் பிரேக் பழகியவர்களுக்கு முதலில் ஒரு விஷயம் பிடிபட வேண்டும். இந்த விமானங்களில் காலின் விசையைப் பெருக்கித் தரும் பூஸ்டர் கிடையாது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது. முன் சக்கரத்தில் பிரேக்கே இல்லை. இடது பிரதான சக்கரத்துக்கு ஒரு பிரேக், வலதுக்கு ஒன்று. இரண்டுக்கும் தனித்தனிக் குழாய்.

செஸ்னா 152, 172 விமானங்களில் மாணவர் அமரும் இடது இருக்கையின் ஒவ்வொரு ரட்டர் (வாலிலுள்ள திசைமாற்றிப் பலகை) பெடலோடும் ஒரு சிறிய மாஸ்டர் சிலிண்டர் பொருத்தியிருக்கும். பெடலின் மேல்பகுதியைக் கால்விரல்நுனியால் சாய்த்தால் சிலிண்டருக்குள் பிஸ்டன் நகர்ந்து ஹைட்ராலிக் ஆயிலைத் தள்ளும். அந்த அழுத்தம் குழாய் வழியாகச் சக்கரத்திலுள்ள காலிப்பர் என்ற கவ்விக்குப் போய், அங்கிருக்கும் பிஸ்டனை வெளியே தள்ளி, லைனிங் என்ற உராய்வுப் பட்டையைச் சக்கரத்தோடு சுழலும் டிஸ்கின் மீது அழுத்தும். காலிப்பர் இறுக்கிப் பூட்டப்பட்டதல்ல. இரண்டு ஆங்கர் போல்ட்டுகளின் மேல் முன்னும் பின்னும் வழுக்கும்படி மிதந்துகொண்டிருக்கும். ஒரு பக்க லைனிங் டிஸ்கில் பட்டதும் காலிப்பர் எதிர்ப்பக்கம் நகர்ந்து, மறுபக்க லைனிங்கையும் இழுத்து ஒட்டவைக்கும். இந்த வழுக்கல் நின்றுபோனால் பாதிக் கோளாறு அங்கேயே ஆரம்பம்.

செஸ்னாவில் பயிற்றுநர் பக்கப் பெடல்களுக்குத் தனிச் சிலிண்டர் இல்லை. அவை கம்பி இணைப்பால் மாணவர் பக்கப் பெடல்களை நகர்த்துகின்றன, அவ்வளவுதான். ஆகவே மாணவர் பக்கத்தில் ஆயில் அழுத்தம் போய்விட்டால் பயிற்றுநர் காலுக்கும் பிரேக் இல்லை. பார்க்கிங் பிரேக்கும் அதே சிலிண்டர்களைத்தான் பிடித்து நிறுத்துகிறது. அவசரத்தில் அதை இழுப்பதால் புதிதாக ஒன்றும் கிடைக்காது. பைப்பர் பிஏ-28 குடும்பத்தில் கதை வேறு. கருவிப் பலகைக்குக் கீழே ஒரு கை லீவர் இருக்கிறது, அதற்கெனத் தனி மாஸ்டர் சிலிண்டரும் இருக்கிறது. பெடல் சிலிண்டரின் சீல் போய்விட்டாலும் இந்தக் கை லீவர் இரண்டு சக்கரங்களையும் பிடித்துவிட வாய்ப்புண்டு. பைப்பரில் பறப்பவர் பெடல் உள்ளே போனதும் கையை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று முன்பே பழகிவைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் தேடக்கூடாது.

டயமண்ட் டிஏ40, சிர்ரஸ் எஸ்ஆர்20, க்ரம்மன் ஏஏ-5 போன்றவற்றில் முன் சக்கரம் பெடலோடு இணைக்கப்படாமல் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி சுதந்திரமாகத் திரும்பும். மெதுவாகப் போகும்போது ரட்டருக்குப் போதிய காற்று கிடைக்காது என்பதால் அங்கே திசை திருப்புவதும் பிரேக்கின் வேலை. இப்படிப்பட்ட விமானத்தில் ஒரு பக்கப் பிரேக் போனால் நிற்கும் சக்தியோடு அந்தப் பக்கம் திரும்பும் சக்தியும் சேர்ந்து போகிறது.

எல்லாவற்றுக்கும் பின்னால் வெப்பம்

பிரேக் என்பது வேகத்தை வெப்பமாக மாற்றும் கருவி. அந்த வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ள இந்த விமானங்களில் இருப்பது சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு மெல்லிய இரும்பு டிஸ்குகள் மட்டும்.

கணக்குப் போட்டால் விளங்கும். 1,111 கிலோ எடையுள்ள செஸ்னா 172 ஒன்று 50 நாட் (மணிக்குச் சுமார் 93 கி.மீ.) வேகத்தில் தரையில் ஓடினால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 367 கிலோஜூல். சாதாரண அறை வெப்பத்திலுள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். அதே விமானம் 60 நாட்டில் தரை தொட்டால் ஆற்றல் 529 கிலோஜூல். வேகம் 10 நாட் கூடியதற்கு ஆற்றல் 44 சதவீதம் கூடுகிறது. இறங்கும் ஓட்டத்தில் இதில் ஒரு பங்கைக் காற்றின் இழுவையும் டயரின் உராய்வும் தின்றுவிடும். மிச்சத்தை இரண்டு டிஸ்குகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

இது எல்லோரும் எதிர்பார்க்கும் வெப்பம். எதிர்பார்க்காதது டாக்சியில், அதாவது விமானம் எஞ்சின் சக்தியில் தரையில் ஊர்ந்து போகும்போது, வருகிறது. எஞ்சினைத் தேவைக்கு மேல் முறுக்கிவைத்துக்கொண்டு, வேகம் கூடாமலிருக்கப் பிரேக்கில் கால் வைத்தபடியே ஓட்டும் மாணவர்கள் நிறைய. மிகுதியான இழுவிசை வெறும் 200 நியூட்டன், அதாவது 20 கிலோ எடைக்குச் சமமான தள்ளல் என்றே வைத்துக்கொள்வோம். 1,500 மீட்டர் டாக்சியில் அது 300 கிலோஜூல் வெப்பமாகி டிஸ்குகளுக்குள் போய்விடும். ஏறத்தாழ ஒரு முழுத் தரையிறக்கத்தின் வெப்பம், விமானம் ஓடுபாதைக்கு வந்து சேரும் முன்பே! டாக்சி வேகத்தில் டிஸ்கைக் குளிர்விக்கப் போதுமான காற்றும் வீசாது. சக்கரத்தின் மேல் ஃபேரிங் என்ற உறை மூடியிருந்தால் இன்னும் மோசம். இந்த நிலையில் புறப்பாட்டைப் பாதியில் கைவிட நேர்ந்தால், ஏற்கெனவே சூடேறிய பிரேக்கின் மேல்தான் முழுச் சுமையும் விழும்.

சூடு ஏறினால் முதலில் அடிபடுவது காலிப்பர் பிஸ்டனைச் சுற்றியுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். வழக்கமான நைட்ரைல் ரப்பர் திரும்பத் திரும்ப வெந்தால் விறைத்து நெகிழ்வை இழக்கும். விறைத்த வளையத்தின் வழியே ஆயில் கசியும். கசியும் ஆயில் எரியக்கூடியது, அருகிலேயே கொதிக்கும் டிஸ்க் இருக்கிறது. சிறிய விமானங்களில் பிரேக் தீ பிடிப்பது பெரும்பாலும் இந்த வரிசையில்தான். சிர்ரஸ் விமானங்களில் காலிப்பர் மேல் வெப்பம் காட்டும் ஒட்டி ஒன்று இருக்கும். குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டினால் அதன் நிறம் மாறி அப்படியே நின்றுவிடும். முந்தைய விமானி எப்படி டாக்சி செய்தார் என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி இல்லை.

பரிகாரம் கைவசமே இருக்கிறது. முதலில் எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைக் குறை, பிறகு பிரேக்கை அழுத்து. வேகம் கூடினால் நன்றாக ஒருமுறை அழுத்திக் குறைத்துவிட்டுக் காலை முழுக்க எடுத்துவிட வேண்டும். தொடர்ந்து லேசாகத் தேய்த்துக்கொண்டிருப்பதைவிட அது நல்லது. குதிகால் தரையில், பாதத்தின் முன்பகுதி பெடலின் அடிப்பகுதியில்: இதுதான் கால் இருக்க வேண்டிய இடம். இருக்கையை அளவுக்கு மீறி முன்னால் தள்ளி உட்கார்ந்தால் பாதம் தானாக மேலே ஏறி, தெரியாமலே பிரேக்கை அழுத்தும். அந்தக் கோலத்தில் தரை தொட்டால் சுழலாத சக்கரம் தரையில் இழுபட்டு டயரில் ஒரு தட்டை விழும், சில நேரம் டயர் வெடிக்கும். மாணவர் எவ்வளவு பழகியும் பிரேக்கில்லாமல் டாக்சி செய்ய முடியவில்லை என்றால் மாணவரை மட்டும் குறை சொல்லாமல் எஞ்சினின் ஐடில் வேகத்தையும் (த்ராட்டிலை முழுக்கக் குறைத்த பிறகு அது ஓடும் வேகம்) பார்க்க வேண்டும். ஐடில் கூடுதலாக வைக்கப்பட்ட விமானம் எந்தக் காலுக்கும் அடங்காது.

பெடலைப் படிப்பது

பெடல் மெத்தென்று இருக்கிறது, இரண்டு மூன்று முறை மிதித்தால் கெட்டியாகிறது என்றால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. ஆயில் அழுத்தத்தில் சுருங்காது, காற்று சுருங்கும். காலின் உழைப்பு லைனிங்குக்குப் போகாமல் குமிழியைச் சுருக்குவதில் வீணாகிறது. காற்று தானாக உள்ளே வராது, ஆயில் போன வழியில்தான் வந்திருக்கும். ஆகவே காற்றை எடுத்துவிட்டு மட்டும் திருப்திப்பட்டுக்கொள்ளாமல் கசிவைத் தேட வேண்டும்.

பெடலை ஒரே விசையில் அழுத்திப் பிடித்திருக்கும்போதே அது மெதுவாக இறங்குகிறது, வெளியே எங்கும் ஒரு சொட்டு ஆயில் இல்லை. இது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ஓ-ரிங்கின் வேலை. தேய்ந்த வளையத்தைத் தாண்டி ஆயில் பின்பக்கம் திரும்பிப் போய்விடுகிறது. கசிவு வெளியில் தெரியாததால் இதைக் கண்டுபிடிக்காமல் மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். எஞ்சின் அணைந்திருக்கையில் ஒவ்வொரு பெடலையும் கெட்டியாக மிதித்து, முப்பது எண்ணும்வரை அப்படியே பிடித்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.

பெடல் கல் மாதிரி கெட்டி, ஆனால் விமானம் நிற்கவில்லை. ஹைட்ராலிக்கில் குறை இல்லை, உராய்வில் இருக்கிறது. லைனிங்கில் ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கலாம். புது லைனிங் போட்டு முறையாகப் பழக்காமல் விட்டிருக்கலாம். ஆயில் ஊறிய லைனிங்கைக் கழுவி மறுபடி பயன்படுத்த நினைப்பது வீண்வேலை, மாற்றுவதுதான் வழி.

காலை எடுத்த பிறகும் பிரேக் விடவில்லை என்றால் அது நான்கில் மிகவும் நயவஞ்சகமானது, ஏனென்றால் அது பிரேக் இருக்கிறது என்ற நம்பிக்கையைத் தந்துகொண்டே வெப்பத்தைச் சேர்க்கிறது. காரணங்கள் பல. ஆங்கர் போல்ட் துருப்பிடித்துக் காலிப்பர் வழுக்காமல் நிற்கலாம். சீல் தவறான ஆயிலில் ஊதிப்போயிருக்கலாம். பழைய ரப்பர் குழாயின் உள்சுவர் கிழிந்து, ஒருவழிக் கதவு மாதிரி ஆயிலைப் போகவிட்டுத் திரும்பவிடாமல் தடுக்கலாம். பார்க்கிங் பிரேக் கைப்பிடி பாதி மட்டும் விடுபட்டிருக்கலாம். இன்னொன்று, பலர் யோசிக்காதது: மாஸ்டர் சிலிண்டரில் பெடல் முழுக்கத் திரும்பி வந்தால் மட்டுமே திறக்கும் ஒரு சிறிய ஈடுசெய் துளை உண்டு. சூட்டில் விரியும் ஆயில் அந்த வழியாகத்தான் ரிசர்வாயர் தொட்டிக்குத் திரும்ப வேண்டும். பெடலில் கால் லேசாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தாலே துளை மூடியிருக்கும். அடைபட்ட ஆயில் விரிந்து லைனிங்கைத் தள்ள, லைனிங் இன்னும் சூடேற, சூட்டில் ஆயில் இன்னும் விரிய, காலே இல்லாமல் பிரேக் தன்னைத்தானே அழுத்திக்கொள்ளும்.

பிரேக் பிடித்தபடி இருக்கிறது என்பதற்கு டாக்சியிலேயே தடயம் உண்டு. வழக்கமான ஆர்பிஎம்மில் (எஞ்சினின் நிமிடச் சுற்று) விமானம் நகராது. ஒரு பக்கம் இழுக்கும். த்ராட்டிலைக் குறைத்ததும் உருளாமல் சட்டென்று நிற்கும். புறப்பாட்டு ஓட்டத்தில் ஓடுபாதையின் பாதியைக் கடக்கும்போது, எழும்பும் வேகத்தில் 70 சதவீதமாவது வந்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. வரவில்லையென்றால் விட்டுவிட வேண்டும். நிறுத்திய பிறகு அந்தப் பிரேக் ஏற்கெனவே வெந்துபோயிருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. உடனே திரும்பி வந்து இன்னொரு முயற்சி கூடாது.

மற்றவை சீக்கிரம் முடிந்துவிடும். அழுத்தும்போது பெடல் அதிர்ந்தால் டிஸ்க் வளைந்திருக்கலாம், காலிப்பர் போல்ட் தளர்ந்திருக்கலாம். ஈரமான இரவுக்குப் பிறகு முதல் சில அழுத்தங்களில் வரும் கிறீச்சொலி பெரும்பாலும் டிஸ்கின் மேல்துரு, தேய்ந்ததும் போய்விடும். போகவில்லையென்றால், குழிவிழுந்த டிஸ்க் லைனிங்கை அரம் மாதிரி அராவிக்கொண்டிருக்கிறது.

பறப்பதற்கு முன் சக்கரத்தருகே ஒரு நிமிடம்

சுற்றிப் பார்க்கும் சோதனையில் பிரேக்குக்குப் பெரும்பாலோர் ஒதுக்குவது குனியாமல் ஒரு பார்வை. குனிந்து உட்கார வேண்டும். காலிப்பருக்குக் கீழேயும் டயரின் உள்பக்கத்திலும் சிவப்பு ஈரம் தெரிகிறதா? பெரும்பாலான சிறிய விமானங்களில் ஆயிலின் நிறம் சிவப்பு. மழைத் தண்ணீரா ஆயிலா என்று சந்தேகமாக இருந்தால் விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தால் வழுவழுப்பு காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து காலிப்பரைக் கையால் பிடித்து லேசாக அசைக்க வேண்டும், ஆனால் டிஸ்க் சூடாக இல்லை என்று தெரிந்த பிறகு. ஆங்கர் போல்ட்டுகளின் மேல் அது கொஞ்சம் வழுக்கினால் நல்லது. பாறை மாதிரி நின்றால் துரு. கடகடவென்று ஆடினால் தேய்மானம்.

லைனிங்கின் தடிமன் முக்கியம். பரவலாகப் பயன்படும் கிளீவ்லேண்ட் பிரேக்குகளில் லைனிங் 0.100 அங்குலம், அதாவது சுமார் 2.5 மி.மீ. வரை தேய்ந்ததும் மாற்றியாக வேண்டும். அதற்கு மேலும் ஓட்டினால் லைனிங்கைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலை டிஸ்கைக் கீறத் தொடங்கும். லைனிங்கோடு போயிருக்க வேண்டிய செலவு டிஸ்குக்கும் சேர்ந்துவிடும். அளக்கக் கருவி தேட வேண்டாம். 2.5 மி.மீ. துளைக்கம்பியின் மழுங்கிய முனையை டிஸ்குக்கும் லைனிங்கைத் தாங்கும் தகட்டுக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்கள். நுழைய இடமில்லை என்றால் லைனிங்கின் ஆயுள் முடிந்தது. இரண்டு பக்க லைனிங்கையும் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் காலிப்பர் சரியாக வழுக்கவில்லை. டிஸ்குக்கும் குறைந்தபட்சத் தடிமன் உண்டு. அது பாக எண்ணுக்கேற்ப மாறும், பராமரிப்புக் கையேட்டில் இருக்கும்.

நகரத் தொடங்கியதும் முதல் சில மீட்டருக்குள் த்ராட்டிலைக் குறைத்துப் பிரேக்கைப் பார்க்க வேண்டும். மாணவர் ஒருமுறை, பயிற்றுநர் ஒருமுறை. வேகம் நடை வேகத்துக்கு மேல் போன பிறகு செய்யும் சோதனைக்குச் சோதனை என்று பெயரில்லை.

தரையில் போய்விட்டால்

மிதித்தேன், நிற்கவில்லை. வரிசை இதுதான்: த்ராட்டில் முழுக்க ஐடிலுக்கு. காலை எடுத்து, மறுபடி பலமாக அழுத்து. பெடல் ஆழமாகப் போனால் இரண்டு மூன்று முறை விரைவாக மிதித்து அழுத்தத்தை ஏற்று. பைப்பர் என்றால் கை லீவர். இவ்வளவும் மூன்று நான்கு வினாடி. அதற்குள் பிடிக்கவில்லையென்றால் மிக்ஸரை (எரிபொருள்-காற்றுக் கலவைக் கைப்பிடி) இழுத்து எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

எஞ்சினை அணைக்கத்தான் மனம் தயங்கும். கட்டுப்பாடு கையைவிட்டுப் போய்விடுமோ என்று தோன்றும். ஆனால் ஐடிலில் ஓடும் புரொப்பெல்லரும் விமானத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. மோதல் நடந்தே தீரும் என்றால், சுழலாத புரொப்பெல்லரோடு மோதுவதற்கும் சுழலும் புரொப்பெல்லரோடு மோதுவதற்கும் இடையில் இருப்பது ஒரு மனித உயிராக இருக்கலாம். மிக்ஸரை இழுத்த பிறகும் அது சில வினாடிகள் சுழலும், அதனால்தான் சீக்கிரம் இழுக்க வேண்டும். செஸ்னா 172-இல் பெடல் மட்டும் கொண்டு முன் சக்கரம் இரு பக்கமும் சுமார் 10 பாகை திரும்பும். எஞ்சின் அணைந்தாலும் இந்தத் திருப்பம் போகாது. ஆள் இல்லாத, விமானம் இல்லாத பக்கம், முடிந்தால் புல்தரைப் பக்கம் திருப்ப வேண்டும்.

ஒரு பிரேக் மட்டும் போயிருந்தால் இரண்டு பெடலையும் சேர்த்து மிதிக்கும் பழக்கமே எதிரி. விமானம் நல்ல பிரேக் பக்கம் சுழன்று திரும்பும். கையேடு சொல்வது: நல்ல பிரேக்கைச் சிக்கனமாக அழுத்து, எதிர்ப்பக்க ரட்டரால் சமன் செய். வலது பிரேக் மட்டும் இருக்கிறதென்றால் வலது பெடலின் மேல்நுனியில் சின்னச் சின்ன அழுத்தம், இடது பெடலை ரட்டராக உள்ளே தள்ளல். முன் சக்கரம் சுதந்திரமாகத் திரும்பும் விமானத்தில் இந்தச் சமன் மிகக் குறைந்த வேகத்தில் எடுபடாது. அங்கே அணைப்பதும் ரேடியோவில் சொல்லி இழுவை வண்டி வரவழைப்பதும்தான்.

இன்னொரு இடம் ரன்-அப், அதாவது புறப்படுமுன் நின்ற இடத்திலேயே எஞ்சினை முறுக்கிச் சோதிப்பது. செஸ்னா 172எஸ்-இல் மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கருவி) சோதனை 1,800 ஆர்பிஎம்மில் நடக்கும், இருவர் கண்ணும் உள்ளே டயலில் இருக்கும். பலவீனமான பிரேக் அப்போது மெதுவாக வழுக்கத் தொடங்கும், முன்னால் நிற்கும் விமானத்தை நோக்கி. பயிற்றுநரின் ஒரு கண் வெளியே இருக்க வேண்டும். நகர்வதாகத் தோன்றினால் பிரேக்கை இன்னும் அழுத்திப் பார்ப்பதைவிட த்ராட்டிலை முதலில் இழுப்பதே சரி.

புகையோ தீயோ தெரிந்தால்: நிறுத்து, மிக்ஸர், எரிபொருள் வால்வு, மின்சாரம் எல்லாம் அணை, தீ இல்லாத பக்கமாக இறங்கு. பார்க்கிங் பிரேக் போடக்கூடாது. ஃபேரிங் மூடிய சக்கரத்தில் தீயை உள்ளிருப்பவர் பார்ப்பதே கடினம், பெரும்பாலும் வெளியில் நிற்பவர்தான் முதலில் பார்ப்பார். உலர் பவுடர் அணைப்பானோடு போகிறவர் சக்கரத்தின் முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ அணுக வேண்டும், அச்சின் நேர்ப்பக்கத்தில் நிற்கக்கூடாது. தீ இல்லாமல் வெறுமே சூடாக இருந்தால் தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆறவிட வேண்டும். ஆறும்வரை முட்டுக்கட்டைதான் விமானத்தைப் பிடித்திருக்க வேண்டும்.

மேலே இருக்கும்போதே தெரிந்தால்

பல பயிற்சிப் பள்ளிகளில் தரையிறங்குவதற்கு முந்தைய சரிபார்ப்பு பிரேக்கில்தான் தொடங்குகிறது: இரண்டு பெடலையும் அழுத்திக் கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காலை முழுக்க எடுத்துவிடுவது. வாயால் ஒப்பிக்கும் சடங்காக இது தேய்ந்துவிட்டது வருத்தம்தான். ஒரு பெடல் உள்ளே போவது வானத்தில் தெரிந்தால் ஓடுபாதையைத் தேர்ந்தெடுக்க அவகாசம் இருக்கிறது. தரையில் தெரிந்தால் கையிலிருப்பது மிச்ச ஓடுபாதை மட்டும்.

எட்டும் தூரத்தில் உள்ளவற்றில் நீளமான, எதிர்க்காற்று வீசும் ஓடுபாதை வேண்டும். கோபுரத்திடம் பான்-பான் என்ற அவசர அழைப்பைச் சொல்லிப் பிரேக் இல்லை என்று தெரிவித்துவிட்டால், முன்னால் இருப்பவரை விலக்கித் தருவார்கள். முழு ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் பலகை), குறுகிய ஓடுபாதைக்கான அணுகு வேகம்: செஸ்னா 172எஸ்-இல் 61 நாட், 152-இல் 54 நாட். அதற்கு மேல் ஒரு நாட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டாம். தரை தொடும் வேகம் 10 சதவீதம் கூடினால் கரைக்க வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் கூடும். ஓடுபாதையின் தொடக்கத்திலேயே தொட வேண்டும். நடுவில்தான் தொடுவோம் என்று தெரிந்தால் மீண்டும் மேலேற வேண்டும், அதைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

தொட்ட பிறகு ஒரு வித்தியாசம். பிரேக் நன்றாக இருக்கும்போது குறுகிய தரையிறக்கத்தில் ஃபிளாப்பை மேலேற்றச் சொல்வார்கள். இறக்கையின் தூக்குவிசை குறைந்து எடை சக்கரத்தில் இறங்கும், பிரேக் நன்றாகப் பிடிக்கும். பிரேக்கே இல்லாதபோது அதில் பயனில்லை. ஃபிளாப்பை அப்படியே விட்டு, மூக்கைத் தாங்கும்வரை தூக்கிப் பிடித்து, காற்றின் இழுவையை முழுக்க வாங்கிக்கொள்வதே ஆதாயம். முனை நெருங்குகிறது, வேகம் விடவில்லை என்றால் மிக்ஸரை இழுத்துவிடலாம்.

ஒரு பக்கப் பிரேக் மட்டும் இருக்கிறதென்றால் குறுக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து என்பதையும் பார்க்க வேண்டும். காற்று செத்த பிரேக்கின் பக்கமிருந்து வந்தால் நல்லது. காற்று மூக்கைத் தன் பக்கம் இழுக்கும், நல்ல பிரேக் எதிர்ப்பக்கம் இழுக்கும், இரண்டும் ஓரளவு ஈடாகும். பிரேக் பூட்டிக்கொண்டதாகச் சந்தேகம் என்றால் பஞ்சரான டயருக்குச் சொல்லும் முறையே பொருந்தும்: நல்ல சக்கரத்தை முதலில் தொடவிட்டு, எய்லரானால் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகை) கெட்ட பக்கத்தை முடிந்தவரை மேலே தாங்கிப் பிடிப்பது.

ஈர ஓடுபாதையில் நல்ல பிரேக்கும் பொய் சொல்லும். டயர் அழுத்தத்தை பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் தோராயமாக நாட்டில் கிடைக்கும். 29 பிஎஸ்ஐ டயருக்கு அது சுமார் 48 நாட். தரை தொட்டவுடன் மிதித்தால் அங்கே பிரேக்கின் பிடிக்கு டயர் அடங்கும், டயருக்குத் தரை அகப்படாது.

பட்டறையில்

லைனிங் மாற்றுவதும் காற்று எடுப்பதும் உரிமம் பெற்ற பொறியாளரின் வேலை. என்றாலும் எது சரி என்று விமானிக்குத் தெரிந்திருந்தால் கேள்வி கேட்க முடியும்.

ஆயில் விஷயத்தில் தவறு மலிவாக நடந்து விலையுயர்ந்து முடியும். பெரும்பாலான பயிற்சி விமானங்களுக்கு எம்ஐஎல்-5606 என்ற சிவப்புக் கனிம ஆயில். கார்களின் டாட் 3, டாட் 4 திரவம் முற்றிலும் வேறு வேதிப்பொருள். நைட்ரைல் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். டாட் திரவத்துக்கென்றே வடிவமைத்த சில இலகு விமானங்களும் உண்டு. அவற்றில் சிவப்பு ஆயிலை ஊற்றினால் அதே நாசம் எதிர்த்திசையில் நடக்கும். மூடியையும் கையேட்டையும் பார்க்காமல் டப்பாவைத் திறக்கக்கூடாது. 5606-க்குப் பதிலாக அதோடு கலக்கக்கூடிய எம்ஐஎல்-83282 என்ற செயற்கை ஆயிலையும் பலர் இப்போது பயன்படுத்துகிறார்கள். காரணம் தீதான்: 5606-இன் தீப்பற்று வெப்பநிலைக்கான குறைந்தபட்ச வரையறை 82 டிகிரி செல்சியஸ், 83282-க்கு 205 டிகிரி.

காற்றை எடுப்பது கீழிருந்து மேலாக. காரில் பெடலை மிதித்து மேலிருந்து தள்ளுவார்கள். இங்கே குமிழிகள் தாமாகவே மேலே போகத் துடிக்கின்றன. அவற்றோடு மல்லுக்கட்டாமல் காலிப்பரின் பிளீடர் என்ற திறப்பு வழியாக ஆயிலை உள்ளே ஏற்றி, மாஸ்டர் சிலிண்டரின் நிரப்புதுளை வழியாக வெளியே விடுவதே எளிது. கவனிக்க வேண்டியவை: கண்ணாடிபோன்ற குழாய், அதிலுள்ள காற்றை முதலில் வெளியேற்றிவிட்டு மாட்டல், பார்க்கிங் பிரேக் முழுக்க விடுபட்டிருத்தல், பெடல் மேல் எதுவும் சாயாதிருத்தல். கடைசி இரண்டும் தவறினால் ஈடுசெய் துளை மூடியிருக்கும், ஆயில் ஏறவே ஏறாது. மேலே குமிழியில்லாத ஆயில் வரும்வரை ஏற்றி, அழுத்தம் இருக்கும்போதே பிளீடரை மூட வேண்டும். ஆங்கர் போல்ட்டுக்குக் கிரீஸ் போடக்கூடாது. அது தூசியைப் பிடித்துப் பசையாகி, வழுக்க வேண்டிய காலிப்பரை ஒட்டவைத்துவிடும். உலர் மசகுத் தெளிப்பு போதும்.

புது லைனிங்கைப் பழக்குவதைத்தான் எல்லோரும் தாண்டிப்போகிறார்கள். கிளீவ்லேண்ட் ஆர்கானிக் லைனிங்குக்குச் சொல்லும் முறை இது: சுமார் 1,700 ஆர்பிஎம்மில் 1,500 அடி தூரம், பிரேக்கால் வேகத்தை மணிக்கு 8 முதல் 16 கிலோமீட்டருக்குள் பிடித்தபடி டாக்சி. பிறகு 10 முதல் 15 நிமிடம் ஆறவிட வேண்டும். பின்னர் பிரேக்கை அழுத்திக்கொண்டு எஞ்சினை முறுக்கிப் பார்க்க வேண்டும்; நின்றால் முடிந்தது, நகர்ந்தால் மறுபடி. மேலே டாக்சியில் செய்யவே கூடாது என்று சொன்னதையே இங்கே வேண்டுமென்று செய்கிறோம். அந்த வெப்பம் லைனிங்கின் மேல் மெல்லிய பளபளப்பான படலத்தை உண்டாக்கும். முழுப் பிடிப்பு அதில்தான் இருக்கிறது. உலோக லைனிங்குக்கு முறை வேறு: 30 முதல் 35 நாட்டிலிருந்து அடுத்தடுத்து இரண்டு முழு நிறுத்தம், நடுவில் டிஸ்கை ஆறவிடாமல். பிரேக்கை மிக மென்மையாகவே பயன்படுத்திவரும் விமானத்தில் அந்தப் படலம் தேய்ந்துபோய் நல்ல லைனிங்கும் வழுக்கும். அப்போது பழக்கும் முறையை மறுபடி செய்தாலே சரியாகிவிடும்.

கடைசியாகப் பழுதுப் பதிவேடு. "பிரேக் பலவீனம்" என்று எழுதினால் பொறியாளர் நான்கு இடத்தில் தேட வேண்டும். அவர் மிதித்துப் பார்க்கும்போது விமானம் ஆறிப்போயிருக்கும், எல்லாம் சரியாகவே தெரியும். "மூன்றாவது தரையிறக்கத்துக்குப் பிறகு இடது பெடல் மெத்தென்று ஆனது, இருமுறை மிதித்ததும் கெட்டியானது, அரை மணி நேரம் கழித்துச் சரியாக இருந்தது, வெளியே கசிவு தெரியவில்லை" என்று எழுதினால், அவர் நேரே இடது பக்கம் போய்க் குழாயில் காற்று எங்கே நுழைகிறது என்று தேடத் தொடங்குவார்.